இரண்டாவது ஊசி

ஓசூர் ஆய்வகத்தின் ஜன்னல் வழியே காலை வெயில் மங்கம்மாவின் மடியில் விழுகிறது. கெலமங்கலத்திலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வந்தவள். வெளியே கம்பெனிப் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. ரத்தம் கொடுத்துவிட்டு எழப்போனவளை மறுபடி உட்காரச் சொல்லியிருக்கிறாள், ஆய்வகப் பயிற்சிக்கு வந்திருக்கும் சுப்ரியா. எடுத்த ரத்தக் குழாய் அவள் கைதவறி விழுந்து, மூடி கழன்று, உள்ளறைத் தரையில் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கிறது. "ரத்தம் பத்தலைன்னு சொல்லி இன்னொரு தடவ எடு" என்று ஆய்வகப் பொறுப்பாளர் மோகன்குமார் சார் காதோடு சொன்னதை அப்படியே சொல்லியும் விட்டாள்.

"பத்தலையா?" மங்கம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "ஒடம்புல ரத்தமே இல்ல போல. உனக்கு ரெண்டு வேல வெச்சிட்டேன் கண்ணு." சொல்லிக்கொண்டே மறுகையை மேசைமேல் நீட்டி, கேட்காமலே விரல்களை மடக்கி இறுக்கிக்கொள்கிறாள். மெலிந்த கையில் நரம்பு பச்சையாகப் புடைக்கிறது. ரப்பர் பட்டையைக் கட்டப்போன சுப்ரியாவுக்குக் காது மடல் சுடுகிறது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சு விரலிடுக்கிலேயே காய்ந்துபோகிறது.

"உங்க ரத்தம் போதும்மா. நான்தான் கீழ போட்டுக் கொட்டிட்டேன்."

உள்ளறையில் மோகன்குமார் தலையை நிமிர்த்துகிறார். மங்கம்மா அவளையே பார்க்கிறாள். இறுக்கிய விரல்கள் மெல்லத் தளர்கின்றன. கையை மேசைமேலேயே விட்டுவிட்டு, முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

"எடு" என்கிறாள்.