கழுவக் கூடாத தொழுவம்

பூங்காவனம் வேலை பார்த்த தொழுவத்தில் ஒரே விதிதான்: எதையும் கழுவக் கூடாது. பாலிலும் கறியிலும் இருந்த கிருமிக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. அந்தக் கிருமியையே தின்று அழிக்கும் நல்ல வைரஸ், புழு நெளியும் இந்தச் சாணக்குழியில்தான் விளைந்தது. கம்பெனிக்காரர்கள் அந்தச் சேற்றை அள்ளிப்போய், வடிகட்டிச் சொட்டு மருந்தாக்கினார்கள். ஊர்ப் பிள்ளைகள் அதைக் குடித்துத்தான் உயிரோடு இருந்தன. அவளுடைய மகனும்தான்.

மாட்டுப் பொங்கலன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. செவலைப் பசுவின் தொடையில் சாணம் ஓடுபோல இறுகி, அதற்கடியில் புண் சீழ் பிடித்திருந்தது. நல்ல நாளில் ஒரு மாட்டை இப்படியா விடுவது? தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசினாள். அந்த வேகத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் குழியையும் கழுவிவிட்டாள்.

மறுநாள் வந்த கம்பெனி டாக்டர் தலையில் கை வைத்தார்.

"வைரஸ் பூராவும் போச்சுங்க."

பிறகு ஏதோ தோன்றி, அவளுடைய நகக்கண்ணைப் பஞ்சால் துடைத்து எடுத்தார். மலத்தையும் கேட்டு வாங்கிப் போனார். சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"கும்புட்டுக் கேக்கறனுங்க, இனிமே நீங்க குளிக்காதீங்க. வைரஸ் இப்ப உங்க வயித்துலதான் இருக்குது."

"பல்லாச்சும் வெளக்கலாமுங்களா?"

டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தார். கம்பெனி வண்டி டிரைவர், இனி அவள் வெளிக்குப் போவதற்கென்று மூடி போட்ட வாளி ஒன்றை இறக்கி வைத்தான்.

அடுத்த வாரம் மகன், அவளுடைய வாளியிலிருந்து வடித்த புதுச் சொட்டு மருந்தை நக்கி நக்கிக் குடித்தான். அதைப் பார்த்த பூங்காவனம் ஓடிப்போய் அந்த வாளியில்தான் வாந்தி எடுத்தாள். எதையும் வீணாக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.