கறுப்புச் சீட்டு

“சியாங் மாய் போய் மேல படி. மாணவனா இருக்கிற வரைக்கும் பட்டாளத்துக்காரன் உன் பக்கமே திரும்ப மாட்டான்” என்றார் மனோப், மகனிடம்.

“படிச்சுக் கிழிச்சது போதும்” என்றாள் அவருடைய அக்கா சுனீ. “ஜப்பான்காரன் ஒசாகாவுக்கு வான்னு கூப்பிடுறான். இன்னும் ரெண்டு வருஷம் இவன் புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழுதா, அந்த வேலை காத்துக்கிட்டு நிக்குமா?”

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பாகின் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். பட்டப்படிப்பு முடிந்துவிட்டது. ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வரும் சியாங் மாயில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஒசாகாவில் வேலையும் கிடைத்திருந்தது. ஆனால் அந்தக் கம்பெனி, கட்டாய ராணுவ விஷயத்தை முடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் ஏப்ரலில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் சீட்டு எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் விடுதலை. சிவப்பு வந்தால் ஒரு வருடம் பட்டாளம். ஒசாகா வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

“சிவப்பு வந்துட்டா என்ன அத்தை பண்றது?”

“வாயைக் கழுவு. உன் மூஞ்சிக்குக் கறுப்புதான் வரும்.”

“என் மூஞ்சியை ஏன் இழுக்குறீங்க?”

“அக்கா, உன் பிள்ளையா இருந்தா இப்படிச் சூதாடுவியா?” என்று கேட்டார் மனோப்.

“எனக்குப் பிள்ளை இல்லாததாலதானே உன் பிள்ளை தலையை உருட்டுறேன்!”

சமையற்கட்டில் புன்மா பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். பாகின் அந்தப் பக்கம் திரும்பினான்.

“அம்மா, நீ என்ன சொல்றே?”

“உனக்கு எங்க போகணும்?”

“ஒசாகாவுக்கு.”

“அப்ப போய்ச் சீட்டை எடு. நான் கோயில்ல வேண்டிக்கிறேன்.”

மனோப் மனைவியை வியப்போடு பார்த்தார். தன் பக்கம் பேசுவாள் என்று அவர் நினைத்திருந்தார். பாகின் மறுநாளே சியாங் மாய் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

சீட்டு எடுக்கும் நாளன்று பள்ளி மைதானத்தில் வெயில் கொளுத்தியது. பையன்கள் கழுத்து கொள்ளாத தாயத்துகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே குடும்பங்கள் முண்டியடித்தன. பாகினுக்கு முன்னால் போனவன் கறுப்பை எடுத்தான். எடுத்தவன் அதிகாரியையே கட்டிப் பிடித்து ஒரு குதி குதித்தான்.

“பார்த்தியா, இன்னைக்குக் கை ராசியா இருக்கு” என்றாள் சுனீ.

பாகின் ஜாடிக்குள் கையை விட்டான். அவன் எடுத்துக் கொடுத்த சீட்டை அதிகாரி பிரித்தார். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“சிவப்பு! தரைப்படை!”

கூட்டம் ‘அடடா’ என்றது. சுனீ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மனோப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புன்மா மட்டும் இரண்டு கைகளையும் கூப்பி நெற்றிக்கு உயர்த்தினாள்.

அன்று மாலை பாகின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். அவனைச் சமாதானப்படுத்த வந்த சுனீ, நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள். அடுப்பில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

“எந்த விருந்துக்குடி இவ்வளவு முட்டை அவிக்கிறே?”

“நேர்த்திக்கடன் அண்ணி. நாளைக்குப் படைக்கணும்.”

“உனக்கென்ன பைத்தியமா? கறுப்பைக் கேட்டா சிவப்பைக் கொடுத்த சாமிக்கு முட்டை வேறயா? ஆமா, எந்தக் கோயில்ல போய் வேண்டிக்கிட்டே?”

“ஆத்தங்கரைக் கோயில்ல.”

சுனீ தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடிப்பாவி! அந்தப் புத்தருக்குப் பட்டாளத்துப் பசங்கன்னா உசுருடி! என் பிள்ளையை விட்டுடுன்னு அங்க போய்க் கேட்டா, அந்தப் பிள்ளையைத்தான் முதல்ல பிடிச்சுக் கொடுப்பார். வாண்டுங்களுக்குக்கூடத் தெரியுமே! இதே ஊர்ல பொறந்து வளர்ந்தவ, உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அண்ணி” என்றாள் புன்மா, அடுப்பைக் குறைத்தபடி. “நீங்க சியாங் மாயா, ஒசாகாவான்னு சண்டை போட்டீங்க. பட்டாள முகாம் நம்ம சந்தைக்குப் பின்னாலதானே இருக்கு. ஞாயித்துக்கிழமை சோத்துக்கு வந்துடுவான்.”