சொன்னதைச் செய்யும் வீடு

ஆயுத பூஜை விடுமுறைக்குச் சென்னையில் பெரியம்மா மகள் பூங்குழலி அக்கா வீட்டுக்குப் போனேன். "சாப்பிடுறீங்களா?" என்று வாசல் ஸ்பீக்கரில் வீடே கேட்டது; எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும் வீடு அது. பசியில் உயிர் போனது. ஆனாலும், "இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, வற்புறுத்தலுக்காகக் காத்திருந்தேன். வீடு என் பங்கு இட்லியை ரத்து செய்தது.

"அது சொன்னதை அப்படியே எடுத்துக்கும்டா. பசிச்சா வாயைத் திறந்து கேளு!" என்று அக்கா சிரித்தாள். இந்த வயதில் இட்லி கேட்கக் கூச்சமாக இருந்தது. விடுமுறை முழுவதும் தெருமுனைக் கடையில் பரோட்டா தின்றேன்.

கிளம்பும்போது அக்கா, "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுத்தான் போயேன்" என்றாள்.

"தம்பியோட பஸ் டிக்கெட்டை ரத்து பண்ணியாச்சு" என்றது வீடு.

அக்காவின் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்தும், பழக்கதோஷத்தில், "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றேன்.

வீடு அதையும் நம்பியது.