யார் சொன்னது?

எரிகிற சூடத்தை வெறுங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தும் சேர்மன் நம்பவில்லை. கொப்புளித்த அந்தக் கையோடுதான் அவருடைய டிரைவர் பச்சியப்பன், தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வாரப் பத்திரிகை ஆபீஸின் மாடிப்படி ஏறினான். கை எரியவில்லை. நாலைந்து நாளாக அவனுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

"மேடம், ஒரே ஒரு வார்த்தை" என்றான், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல். "'உங்க டிரைவர் எதுவும் சொல்லலீங்க'ன்னு போன்ல அவருகிட்ட சொல்லிடுங்க. வண்டிச் சாவி என் கைக்கு வந்துரும்."

நிருபர் ஜோஸ்பின் கம்ப்யூட்டரை அணைத்தாள். பாறைக் கரட்டுப் புறம்போக்கில் சேர்மன் திருட்டுத்தனமாகக் கல் வெட்டி விற்பதைப் போட்டு உடைத்தவள் அவள்தான். அவர் கார் எந்தெந்த நாளில் கரட்டுக்குப் பின்னால் போனது, எந்த மண் ரோட்டில் இறங்கியது, எவ்வளவு நேரம் நின்றது என்று புட்டுப் புட்டு வைத்திருந்தாள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், 'நம்பத்தகுந்த வட்டாரம்'.

அந்த வட்டாரம் பச்சியப்பன் தலையில் விடிந்தது. காருக்குள் இருந்தது சேர்மனும் அவனும்தானே, வேறு யார்! "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா" என்று நாலு பேர் பார்க்க அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"இருபது வருசமா அவரு வூட்டுச் சோறு தின்னவன் மேடம் நானு. போன எடம், பாத்த ஆளு, எதையும் ஒருத்தர்கிட்ட மூச்சு வுட்டதில்ல. 'அந்தப் பொண்ணு வாயால நீ இல்லன்னு சொல்லட்டும், சாவிய எடுத்துக்க'ன்னு சொல்லிட்டாரு. இந்தாங்க, நானே போன் போட்டுத் தர்றேன்."

"முடியாதுண்ணா."

"நெசத்தச் சொல்றதுக்கு என்னங்க மேடம்?"

"யாரு சொன்னதுன்னும் சொல்ல மாட்டேன், யாரு சொல்லலன்னும் சொல்ல மாட்டேன். இன்னிக்கு உங்கள இல்லைன்னு சொன்னா, நாளைக்கு இன்னொருத்தரக் கூட்டியாந்து நிறுத்துவாங்க. ஒவ்வொருத்தரா கழிச்சுக்கிட்டே வந்தா, கடைசியில மிச்சம் நிக்கறவரு யாருன்னு தெரிஞ்சு போயிரும்ல? எங்க தொழில்ல அது கூடாதுண்ணா."

கறாராகத்தான் சொன்னாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பச்சியப்பனுக்கு இந்நேரம் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையாவது வந்து தொலைத்ததா என்றால் அதுவும் இல்லை. பாவம், மனுஷன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"வூட்ல எம் பொண்டாட்டியே கேக்கறா மேடம், 'நெசமாலுமே நீ சொல்லலியா'ன்னு."

வீட்டில் மட்டுமா? கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் முந்தாநாள் அவன் போய் உட்கார்ந்ததும், மற்ற டிரைவர்கள் டம்ளரோடு எழுந்து தள்ளிப் போனார்கள். முதலாளிமார் மீட்டிங் முடிந்து வருகிறவரை எந்த மண் ரோட்டில் டயர் பஞ்சர், வெயிலில் வண்டி எவ்வளவு நேரம் காய்ந்தது, மைலேஜ் எவ்வளவு என்று வருடக்கணக்கில் அவன் வண்டிக் கதை அளந்த இடம் அது. துரோகி என்று பேர் வாங்கியவனை நம்பி இனிமேல் இந்த ஊரில் எவன் ஸ்டியரிங்கைக் கொடுப்பான்?

"அந்த டீக்கடைக்கு நீங்களும்தான் தெனம் வருவீங்க. சேர்மனப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பனா? பத்திரிகைக்காரங்க முன்னால வாயக் கட்டிக்கணும்னு தெரியாதவனா நானு?"

"இல்லண்ணா. அவரப் பத்தி நீங்க ஒரு நாளும் பேசினதில்ல."

"அட, அதத்தான் மேடம் போன்ல சொல்லச் சொல்றேன்!"

ஜோஸ்பின் தலையைக் குனிந்துகொண்டாள். இவளிடம் ஒன்றும் பெயராது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பேச வேறு என்ன இருக்கிறது? வாய் தானாகப் பழைய தடத்துக்குப் போயிற்று.

"அந்த வண்டிய நெனச்சாத்தான் மேடம்... புதுசா ஒரு பயலப் போட்டிருக்காரு. வத்தல்மலை வளைவுல கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஏத்தறானாம். வாரத்துல ரெண்டு தபா அங்க ஏறி எறங்கினா, அந்தக் கிளட்ச்சு என்னத்துக்கு..."

"அண்ணா!" ஜோஸ்பின் பதறிப்போய்க் கையை உயர்த்தினாள். "போதும்ண்ணா. வண்டியப் பத்தி எதுவும் எங்கிட்ட பேசாதீங்க."

வேலையில்லாதவனுக்கு வண்டிப் பேச்சுகூடக் கிடையாது போலிருக்கிறது என்று பச்சியப்பன் வாயை மூடிக்கொண்டான். அவமானமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதுவும் எங்கேயோ தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

"சரி மேடம். அவருகிட்ட நீங்க எதுவும் சொல்ல வேணாம். சாவியும் வேணாம்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டவன் யாருன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன், வெளியில மூச்சு வுட மாட்டேன். அவன் மூஞ்ச ஒரு தபா பாத்துக்கறேன். அவ்வளவுதான்."

ஜோஸ்பின் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. இந்தப் பெண் எதற்கு அழுகிறாள் என்று பச்சியப்பனுக்கு விளங்கவில்லை.

"வேற யாரும் இல்லண்ணா, நீங்கதான்."