தொடக் கூடாத நிரல்

மனிதகுலத்தின் வரலாறே முன்னேற்றத்தின் வரலாறுதான் என்று ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்குவார், ஸ்வீடனில் உள்ள எங்கள் நகராட்சியின் இயக்குநர் யால்மார். அவருடைய அலுவலகத்தின் கணினி அமைப்பு மட்டும் பதினான்கு ஆண்டுகளாக அசையவில்லை.

வெள்ளிக்குள் அதைப் புதுப்பிக்காவிட்டால், திங்கள் முதல் பாலர் பள்ளி விண்ணப்பங்கள் நின்றுவிடும். விண்ணப்பிக்கக் காத்திருந்த தாய்மார்களில் நானும் ஒருத்தி. கணினிப் பிரிவும் நான் ஒருத்திதான்.

“பழைய பைத்தான் மொழியில நீங்க எழுதின நிரல் ஒண்ணு இன்னும் ஓடுது, யால்மார். புது அமைப்புல அந்த மொழி ஓடாது. நிறுத்திடட்டுமா?”

“அதுல கை வைக்காதே, சிக்னே. ஆபீஸே அதை நம்பித்தான் இருக்கு.”

“அப்போ புது மொழியில மாத்தி எழுதறேன். ஒரு மணி நேர வேலை.”

“யாரும் திறந்து பாக்கக் கூடாது. பணியாளர் ரகசியம்.”

“என் பொண்ணை நான் எங்க விடுவேன்?”

“பொறுமை வேணும்மா.”

திங்களன்று விண்ணப்பங்கள் நின்றன. மகளை என் மேசைக்கடியில் விளையாட விட்டுவிட்டு, அந்த நிரலைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமைக் காபிக்கு யார் கேக் சுட்டு வர வேண்டும் என்று வாராவாரம் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்புவதுதான் அதன் வேலை.

யால்மாரின் முறை வந்தால் அடுத்தவருக்குத் தாவச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கிறது.