பன்னிரண்டு பிட்

சாமந்தி மஞ்சளுக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் வேண்டும் என்று வந்தவளுக்கு, நல்லசிவம் நாற்காலியை விட்டு எழாமலேயே மூன்றாவது அடுக்கைக் கை காட்டினார்.

விற்பனைக்கு நிற்கும் சுலோச்சனா எடுத்துப் புடவைமேல் வைத்தாள். அப்படியே ஒட்டிக்கொண்டது.

பாண்டி பஜாரின் பின்தெருவில் முப்பத்தோரு வருடமாக ஜாக்கெட் பிட் விற்கிறவர். புடவையை ஒரு தடவை பார்த்தால் போதும், நிறம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

மணி மூன்றேகால். மதியத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மேசைமேல் கிடந்த போன் இன்னும் கண் திறக்கவில்லை.

அவர் பயப்படவில்லை.

ரத்தப் பரிசோதனையில் புராஸ்டேட் சுரப்பிமேல் சந்தேகம் விழுந்தபோதும் பயப்படவில்லை. ஊசி வைத்துப் பன்னிரண்டு இடத்தில் துளித்துளியாகச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், புற்றாக இருந்தால் தெரிந்துவிடும் என்றார் அடையாறு டாக்டர். பன்னிரண்டு பிட் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். துணியில் பழுது இருந்தால் பிட்டில் தெரியும். தெரிந்தால் ஆக வேண்டியதைப் பார்க்கலாம். தொழிலில் அவர் பார்க்காத பழுதா?

உறுத்தல் ஒன்றே ஒன்றுதான். பங்கஜத்துக்குச் சொல்லவில்லை.

கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் மனைவியிடம் அவர் மறைத்தது இது மட்டும்தான். அவருக்குத் தலைவலி என்றாலே திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள்கிறவள். சாதாரணக் காய்ச்சலுக்கு, படுத்தவர் கஞ்சி குடிப்பார், அவள் மூன்று நாள் சாப்பிடமாட்டாள். முடிவு தெரியாத இந்த மூன்று வாரத்தை எப்படித் தாங்குவாள்?

நல்லதாக வந்தால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். மற்றது வந்தால் சொல்வதற்கு எந்த வார்த்தை பொருந்தும் என்று மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

நல்லவேளை, அவள் எதையும் கண்டுகொள்ளவில்லை.

சதை எடுத்த அன்று, ஈக்காட்டுத்தாங்கலில் லைனிங் துணி பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். ஸ்கூட்டரை எடுக்காதீர்கள், மழை வரும்போல இருக்கிறது, ஆட்டோவில் போங்கள் என்றாள். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

மறுநாள், கடை நாற்காலி வெறும் பலகை மாதிரி இருக்கிறது என்று ஓர் இலவம்பஞ்சுத் திண்டைத் தைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் உட்கார்ந்த நிலைமையில், அது தெய்வமே தைத்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

மற்றபடி அடுப்படிக்குக்கூடப் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். இந்த வயதில் ரீல்ஸ் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றரைக்கு அவரே மருத்துவமனைக்குப் போன் போட்டார்.

எடுத்த பெண் பெயரையும் வயதையும் கேட்டாள். ரிப்போர்ட் பதினொன்றே முக்காலுக்கே போய்விட்டதே சார் என்றாள். திறந்து பார்த்தும் ஆகிவிட்டதாம். நீல டிக் விழுந்திருக்கிறதாம்.

தனக்கு வரவில்லை என்றார். அனுப்பிய நம்பரை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள்.

ஐந்தாவது இலக்கத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாள் கவுண்டரில் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் ஒரே மூச்சில் அவர் சொன்ன நம்பர்தான். எழுநூறு நிறத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். தன் நம்பரை யார் தினமும் கூப்பிடுகிறார்கள்?

பங்கஜத்தின் நம்பர்.

அப்படியானால் டாக்டர் அவரிடம் நேரில் சொன்னதெல்லாம், முதல் ரத்தப் பரிசோதனையிலிருந்து, அவள் போனுக்கும் போயிருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணி, எதற்காக என்பது. அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்பது. சில நாளைக்குக் கெட்டியான இடத்தில் உட்காரக் கூடாது என்பது.

காய்ச்சலுக்கே மூன்று நாள் பட்டினி கிடக்கிறவள், இந்த மூன்று வாரமும் அவர் எதிரில் உட்கார்ந்து வேளை தவறாமல் சாப்பிட்டாள். ஒருநாள் ரசம் சுமார் என்று குறைகூடச் சொன்னாள்.

நல்லசிவம் தன்னையறியாமல் திண்டைத் தடவிப் பார்த்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பங்கஜம் இறங்கினாள். கையில் மருத்துவமனைப் பெயர் போட்ட உறை. டாக்டரைப் பார்த்துவிட்டு அடையாறிலிருந்து நேராக வருகிறாள்.

கடையில் நான்கு பெண்கள் நின்றார்கள். வியாபாரம் நடக்கும்போது வீட்டு விஷயம் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவள் அதை மீறியதே இல்லை. சரக்கு வந்த சேதி சொல்கிறவள் மாதிரி மேசை அருகில் வந்து நின்றாள்.

"பன்னெண்டு பிட்டையும் நல்லாப் பாத்துட்டாங்களாம். ஒண்ணுலகூட டேமேஜ் இல்லீங்க."

மஞ்சள் வாங்க வந்தவள், அது என்ன பிட் என்று கேட்டு, தனக்கும் காட்டச் சொன்னாள்.

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிய பிறகும் அடுக்கில் இருந்த அத்தனை மஞ்சளும் ஒரே மஞ்சளாகக் கலங்கித் தெரிந்தது.

பங்கஜம் குனிந்து, விலகியிருந்த திண்டின் முனையைச் சரியாக இழுத்துவிட்டாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் பாக்கணுமாம். அப்பவும் இந்த நம்பரையே குடுங்க."