தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறி

மதியச் சாப்பாட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: செல்வமணி, மனைவி மகிமா, பாண்டிச்சேரியிலிருந்து வந்த அவள் அண்ணன் ஜோஷ்வா.

“பிரெஞ்சு ஒயின் மாப்ள. விலை கம்மிதான். மூணு வகை திராட்சை கலந்தது,” என்றான் ஜோஷ்வா.

“நம்ம கம்பத்துல இல்லாத திராட்சையா? தொட்டுக்க என்ன மச்சான்?”

“ஆட்டுக்கறிதான் பொருந்தும்.”

மகிமா சுக்காவை வைத்தாள். நேற்றுவரை அவன் பாட்டில்களை உடைத்தவள், இன்று தானே ஊற்றினாள்.

“இப்பத்தான்டி நீ பொண்டாட்டி! மச்சான், நீங்க குடிக்கலயா?”

“வண்டி ஓட்டணும். திராட்சைத் தோட்டம் பார்க்கப் போறோம்ல.”

பாட்டில் காலியானதும் கிளம்பினார்கள். பெரியகுளத்தில், குடியை நிறுத்தும் இல்லத்தின் வாசலில் கார் நின்றது.

“குடிக்க வச்சா கூட்டிட்டு வந்தீக?” என்றார் காவலாளி.

“தெளிஞ்சிருந்தா வண்டியில ஏறமாட்டாக,” என்றாள் மகிமா.

“திராட்சை எங்கன மச்சான்?” என்றபடி செல்வமணி உள்ளே நடந்தான். அவனுக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்திப் பூட்டப்பட்டது.